தண்ணீர் வராத போருக்குக் கணக்கு எங்கே?

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு விவசாயி போர் போடுவதென்று முடிவெடுத்துவிட்டால், வண்டிக்காரரிடம் விலை பேசும் முன்பே நீரோட்டம் பார்ப்பவரைத் தேடிப் போய்விடுவார். அவர் நல்ல நாள் பார்த்து வருவார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லையில் இறங்கி, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மெல்ல நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து செங்குத்தாக நிற்கும். சிலர் கையில் வேப்பங்கவட்டை இருக்கும். சிலர் வளைத்த கம்பிகள் இரண்டை வைத்திருப்பார்கள். நின்ற இடத்தில் குதிகாலால் கோடு கிழித்து, கல்லை நட்டு, மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள். “இங்க போடுங்க. நூத்தெண்பதுல ஒரு ஊத்து, முந்நூத்தி இருபதுல ஒரு ஊத்து. ரெண்டு இஞ்சுக்குக் கொறையாது.”

அந்தக் கல்லை நம்பித்தான் நகை அடகுக்குப் போகிறது. துளை போடும் திருச்செங்கோட்டு வண்டி ராத்திரியில் வந்து நிற்கிறது. மண் முடியும்வரை கேசிங் பைப் இறங்குகிறது, பிறகு பாறை. கம்ப்ரசர் அலறலில் பேச்சு கேட்காது. குழியிலிருந்து மாவு மாவாக வெள்ளைத் தூள் பறந்து மல்லாட்டைச் செடிமேல் படிகிறது. நூற்றெண்பது அடி தாண்டுகிறது, ஈரம்கூட இல்லை. முந்நூற்று இருபதும் தாண்டுகிறது, புகைதான் வருகிறது. அடிக்கணக்கில் காசு ஏறிக்கொண்டே போகிறது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து யாராவது, “இன்னும் அம்பது அடி போட்டுப் பாத்துடலாமே” என்பார்கள். அறுநூறில் நிறுத்தும்போது லட்ச ரூபாயைத் தொட்டிருக்கும்.

மறுநாள் நீரோட்டம் பார்த்தவரிடம் போய்க் கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். கல்லை யாரோ அரையடி நகர்த்திவிட்டார்கள். வண்டி சாய்வாக நின்றதால் துளை விலகிவிட்டது. வீட்டில் தீட்டு இருந்திருக்கிறது. பக்கத்துக் கொல்லையில் போர் போட்டதால் ஊற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இன்னும் ஐம்பது அடி போயிருந்தால் பொத்துக்கொண்டு வந்திருக்கும். இந்தப் பதில்களில் ஒன்றையாவது சோதித்துப் பார்க்க முடியுமா? குழி போட்டாகிவிட்டது, வண்டி போய்விட்டது, பணமும் போய்விட்டது. அடுத்த கொல்லையில் இரண்டு இஞ்சு தண்ணீர் வந்தால் அது அவருடைய கைராசி. இங்கே வராமல் போனால் குற்றம் வண்டிக்காரருடையது, வீட்டுக்காரருடையது, நேரத்தினுடையது. எது நடந்தாலும் அவர் சொன்னது பொய்யாவதில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். எது நடந்தாலும் பொய்யாகாத கூற்று, நமக்கு எதையும் சொல்லாத கூற்று. அதைக் கேட்டுக்கொண்டு போவதில் நட்டமில்லை. அதை நம்பிக் கடன் வாங்கும்போதுதான் குடும்பம் அழிகிறது.

வியன்னாவில் பிறந்த தத்துவவாதி கார்ல் பாப்பர் இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சிக்கலையே தன் ஆய்வின் மையமாக வைத்தார். 1934-ல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நூல் 1959-ல் ஆங்கிலத்தில் வெளியான பிறகுதான் உலகெங்கும் பேசப்பட்டது. சூரியனுக்கு அருகே வரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்று ஐன்ஸ்டைன் முன்கூட்டியே கணக்குச் சொல்லியிருந்தார். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது அதை அளந்து பார்த்தார்கள். அளவு பொருந்தாமல் போயிருந்தால் அவருடைய கோட்பாடு அன்றே ஆட்டம் கண்டிருக்கும். அந்தத் துணிச்சல்தான் பாப்பரைக் கவர்ந்தது. அதே 1919-ல் உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லரிடம் ஒரு குழந்தையின் நிலையைப் பற்றி அவர் சொன்னார். அட்லர் குழந்தையைப் பார்க்காமலேயே தன் கோட்பாட்டின்படி விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றதற்கு, ஆயிரம் பேரைப் பார்த்த அனுபவம் என்றாராம். இதையும் சேர்த்து ஆயிரத்தொன்று என்று எண்ணிக்கொள்வீர்கள்போல, என்று பாப்பர் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். நம் ஊரில் ‘ஆயிரம் போர் பார்த்த கை’ என்று சொல்லும்போதும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: அந்த ஆயிரத்தில் தண்ணீர் வராதவை எத்தனை, அவை எந்தக் கணக்கில் எழுதப்பட்டன?

இது மேற்கிலிருந்து வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமும் இல்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். ஒரு கூற்றுக்குக் காட்டும் காரணம் எந்தெந்த வழியில் போலியாகும் என்று வகை வகையாகப் பிரித்துச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று அநைகாந்திகம். காட்டும் காரணம், நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இருக்கிறது, இல்லாத இடத்திலும் இருக்கிறது என்றால் அது காரணமே ஆகாது என்கிறது அந்த இலக்கணம். புகை நெருப்புள்ள இடத்தில்தான் எழும்; ஆகவே புகையைக் கண்டு நெருப்பை அறியலாம். தேங்காயோ தண்ணீர் உள்ள இடத்திலும் நிமிர்கிறது, அறுநூறு அடிக்குப் புகை மட்டுமே வந்த இடத்திலும் நிமிர்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து காஞ்சிபுரம் சில மணி நேரப் பயணம். அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன் கற்பித்த பாடம் நம் கொல்லைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

“அப்படியென்றால் பல இடங்களில் தண்ணீர் வருகிறதே, அது எப்படி?” என்ற கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் தரைக்கு அடியில் இருக்கிறது. தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. திருவண்ணாமலை மாவட்டம் பெரும்பாலும் அந்த வகைதான். பாறைக்கு உள்ளே ஆறு ஓடுவதில்லை. மேலே மக்கிய பாறையும் சரளையுமாக ஓர் அடுக்கு இருக்கும். மழைநீர் அதில் ஊறித் தேங்கும். அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் அங்கங்கே விரிசலும் பிளவும் இருக்கும். மேலடுக்குத் தண்ணீர் அந்த விரிசல்களில் இறங்கி நிற்கும். துளை ஒரு நல்ல விரிசலை வெட்டினால் தண்ணீர், வெட்டாவிட்டால் தூள். இருபதடி தள்ளிய இரண்டு போர்களில் ஒன்று பொழிவதும் ஒன்று வறள்வதும் இதனால்தான்.

இப்படிப்பட்ட நிலத்தில் எந்த இடத்தில் துளை போட்டாலும் கொஞ்சமாவது தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையே குச்சி வைத்து நீர் பார்ப்பவர்களின் வெற்றிக்கு இந்தக் காரணத்தைத்தான் சொல்கிறது: நிலத்தடி நீர் பரவலாக இருக்கும் பகுதிகளில் தண்ணீர் கிடைக்காமல் துளை போடுவதுதான் கடினம். தேங்காய் காட்டிய இடத்தில் வந்தது என்பது மட்டும் போதாது. காட்டாத இடத்தில் எவ்வளவு வந்திருக்கும் என்றும் தெரிய வேண்டும். தேங்காயை நம்புகிறவர் அது காட்டாத இடத்தில் போர் போடுவதில்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் எதுவும் இல்லை. பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு முழு நம்பிக்கை வைத்திருக்கிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைச் சில இடங்களில் முறையாகச் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987, 1988 ஆண்டுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. நீரோட்டம் பார்ப்பவர்கள் சுமார் 500 பேரை முதலில் பார்த்து, அவர்களில் திறமையானவர்கள் என்று 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயைப் பத்து மீட்டர் நீளத்துக்குள் இங்கும் அங்கும் நகர்த்தி வைத்தார்கள். மேல்தளத்தில் நடப்பவர் குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். மொத்தம் 843 முறை. 43 பேரில் 37 பேருக்கு எந்தத் திறமையும் தெரியவில்லை. ஆறு பேரிடம் ஏதோ இருக்கிறது என்று நடத்தியவர்களே எழுதினார்கள். அதே எண்களை ஜிம் என்ரைட் என்ற அறிவியலாளர் பின்னர் எடுத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் நடுவிடத்தைக் காட்டியிருந்தால் எவ்வளவு பிழை வருமோ, அதைவிட அந்த ஆறு பேரில் மிகச் சிறந்தவரின் பிழை சராசரியாக நான்கு மில்லிமீட்டர்தான் குறைவு என்று கண்டார். பத்து மீட்டரில் நான்கு மில்லிமீட்டர்.

அடுத்து 1990-ல் அதே ஜெர்மனியின் காசல் நகரில். தரைக்கு அரை மீட்டர் கீழே குழாய் பதித்து, தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். சுமார் 30 பேர் வந்தார்கள். சோதனை நியாயமானது, தங்களால் முழுதாகச் சொல்ல முடியும் என்று முன்கூட்டியே கையெழுத்தும் போட்டார்கள். முடிவு, நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொன்னால் கிடைப்பதைவிட மேலாக இல்லை. அவர்களில் பெரும்பாலானவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கையிலிருக்கும் பொருள் தானாக அசைவதுபோல் தெரிவதற்குக் காரணம், நம்மை அறியாமல் தசைகள் மிக நுட்பமாக இயங்குவதுதான் என்று 1852-லேயே வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கில மருத்துவர் விளக்கிவிட்டார். தேங்காயை நிமிர்த்துவது நீரோட்டம் பார்ப்பவரின் கைதான். ஆனால் அது அவருக்குத் தெரியாது. அதனால்தான் அவர் பொய் சொல்வதுபோல் நமக்கும் தோன்றுவதில்லை.

இது படிக்காத விவசாயியின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். 2017-ல் பிரிட்டனில் விசாரித்தபோது, பன்னிரண்டு பெரிய குடிநீர் நிறுவனங்களில் பத்தில் ஊழியர்கள் வளைந்த கம்பியை வைத்துக் குழாய்க் கசிவு தேடுவது தெரியவந்தது. அங்கே ஆய்வுக்கூடமும் கருவியும் இருந்தும் கம்பி போகவில்லை. 1556-ல் சுரங்கத் தொழிலைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அக்ரிகோலா, அறிவுள்ள சுரங்கக்காரன் கவட்டைக் குச்சியை நம்பாமல் நிலத்தின் இயற்கையான அறிகுறிகளைப் பார்ப்பான் என்று அன்றே எழுதி வைத்தார். நானூற்று எழுபது ஆண்டுகளாக இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

நிலத்தின் அறிகுறி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீரோட்டம் பார்க்கும் பெரியவர்களில் பலருக்கு உண்மையான அறிவு இருக்கிறது. ஏரிக்குக் கீழே எந்தக் கொல்லை தாழ்ந்திருக்கிறது, எந்த வரப்பில் கோடையிலும் புல் பச்சையாக நிற்கிறது, மருதமோ நாவலோ அத்தியோ எங்கே வளர்ந்திருக்கிறது, புற்று எங்கே இருக்கிறது, சுற்றியுள்ள கிணறுகளில் எது கடைசியாக வற்றியது என்று கொல்லையில் கால் வைப்பதற்குள் பார்த்துவிடுவார்கள். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் புற்றையும் மரங்களையும் வைத்து நீர் காணும் வழிகளுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். இன்ன மரத்துக்கு இந்தத் திசையில் இத்தனை முழம் தள்ளி, இத்தனை ஆள் ஆழத்தில் தண்ணீர் என்று திட்டமாகச் சொல்கிறார். அவற்றில் பல தவறாக இருக்கலாம். ஆனால் தவறென்று காட்ட முடியும். தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பண்புக்காகவே அவரை மதிக்கிறேன். நம் பெரியவர்களிடமும் தேங்காயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “நீங்க பாத்த மரம், மட்டம், கெணறு, அத மட்டும் வெச்சிச் சொல்லுங்க பெரியவரே” என்று கேட்டால் நமக்கு ஏதாவது கிடைக்கும்.

அதேபோல, கருவிப் பெட்டி வைத்திருப்பவர் எல்லாம் அறிவியலாளர் ஆகிவிடுவதில்லை. இப்போது ‘ஜியாலஜிஸ்ட்’ என்று போர்டு போட்டுக்கொண்டு, விளக்கு எரியும் ஏதோ ஒரு கருவியோடு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். முறையான வழி ஒன்று இருக்கிறது. நிலத்தில் நான்கு இரும்பு முளைகளை அடித்து, வெளிப்பக்க இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்பக்க இரண்டில் மின்னழுத்தத்தை அளந்து, பூமியின் மின்தடையைக் கணக்கிடுகிறார்கள். முளைகளை அகற்றி அகற்றி அடிக்க அடிக்க ஆழத்தின் விவரம் கிடைக்கும். ஈரமான உடைந்த பாறையில் மின்தடை குறைவு, கெட்டிப் பாறையில் அதிகம். வேளாண் பொறியியல் துறையே குறைந்த கட்டணத்தில் இதைச் செய்து தருகிறது. இதிலும் பிழை வரும். பாறையின் விரிசல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் எந்த ஆழத்தில் என்ன இருக்கலாம் என்று எழுத்தில் வரும். துளை போடும்போது வெளியே வரும் கல் தூளோடு அதை ஒப்பிடலாம். தவறியிருந்தால் எங்கே தவறியது என்று பார்க்கலாம். எழுதித் தராமல், “நல்ல பாயிண்ட் சார், போடுங்க” என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகும் பெட்டிக்காரருக்கும் தேங்காய்க்காரருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பொய்யாவதற்கு இடம் கொடுத்துப் பேசுகிறாரா என்பதை மட்டும் பார்க்கிறேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி அண்ணாமலையார் மலை இருக்கும்போது, இதெல்லாம் நம்பிக்கையின்மேல் கை வைக்கிற பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரும் பெண்மணி, மலையையே இறைவனாக வணங்குகிறார். அவர் யாரிடமும் அடிக்கு இவ்வளவு என்று பணம் கேட்கவில்லை. யாருடைய நகையையும் அடகுக்கு அனுப்பவில்லை. அந்தப் பக்தியைச் சோதிக்க யாருக்கும் உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. நூற்றெண்பது அடியில் தண்ணீர் என்பது வேறு. அது இந்த உலகத்தைப் பற்றிய செய்தி. அதை விலைக்கு விற்கிறவர் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். இரண்டையும் ஒரே பந்தலில் உட்கார வைப்பவர்கள் பக்திக்கு மரியாதை செய்யவில்லை.

1996-ல் ராஜபாளையம் பக்கத்து இடையன்குளத்திலிருந்து ராமர் பிள்ளை மூலிகைப் பெட்ரோலோடு வந்தபோது தமிழ்நாடே வியந்தது. தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கலக்கினால் பெட்ரோல் என்றார். அந்தக் கூற்றில் ஒரு நன்மை இருந்தது: சோதிக்க முடிந்தது. சென்னை ஐஐடியில் கண்காணிப்பை இறுக்கியபோது பெட்ரோல் வரவில்லை. பிறகு சிபிஐ வழக்குத் தொடுத்தது. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. இருபது ஆண்டு ஆனாலும் விஷயம் ஒரு முடிவுக்கு வந்தது. தேங்காய்க்கு அந்த முடிவு வராது. ஏனென்றால் அதை யாரும் ஒரு சோதனைக்குள் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. திருவல்லாவில் பிறந்து யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் பாடம் நடத்திய ஆபிரகாம் கோவூர் 1963-ல் இலங்கையிலிருந்து விட்ட அறைகூவல் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அற்புதம் செய்ய முடியும் என்பவர்கள் ஏமாற்ற வழியில்லாத சூழலில் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாராலும் வெல்ல முடியவில்லை. அவர் யார் நம்பிக்கையையும் தடுக்கவில்லை. சோதனைக்கு உட்பட்டுச் செய்து காட்டுங்கள் என்றுதான் கேட்டார்.

பணம் போவதோடு இது நின்றால்கூடப் பரவாயில்லை. தண்ணீர் வராத துளையை யாரும் கவனிப்பதில்லை. ஒரு சாக்கைத் திணித்து, மேலே கல்லை வைத்துவிட்டு அடுத்த கல் நட்ட இடத்துக்குப் போய்விடுகிறார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட போரில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை மீட்க நாடே தீபாவளியை மறந்து காத்திருந்தது. குழந்தை பிழைக்கவில்லை. அப்படிப்பட்ட துளைகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. போர் போட உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2015-ல் விதிகளும் வந்துவிட்டன. மூடுவதைப் பற்றிப் பேசுகிறோம். அந்தத் துளை ஏன் அங்கே போடப்பட்டது, யார் சொல்லிப் போடப்பட்டது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் அதே வாக்கை நம்பி அடுத்த வறட்டுத் துளையும் விழுகிறது.

என் கோரிக்கை பெரியதில்லை. அனுமதிக்கு விண்ணப்பிக்கும் அதே படிவத்தில் நான்கு வரி சேர்க்க வேண்டும்: இடத்தைக் குறித்தது யார், எந்த முறையில், எத்தனை அடியில் எவ்வளவு தண்ணீர் என்று சொன்னார், துளை போட்டபின் உண்மையில் வந்தது என்ன. முதல் மூன்று வரியும் வண்டி வருவதற்கு முன்பே நிரப்பப்பட்டிருக்க வேண்டும். நான்காவதை வண்டிக்காரர் கையெழுத்தோடு முடித்துவைக்க வேண்டும். இரண்டு மூன்று கோடை கழிந்தால் ஒரு வட்டத்துக்கு நூற்றுக்கணக்கான வரிகள் சேரும். தேங்காய் எத்தனை, மின்தடை அளவீடு எத்தனை, பக்கத்துக் கிணற்றைப் பார்த்து மனதுக்குப் பட்ட இடத்தில் போட்டது எத்தனை, ஒவ்வொன்றிலும் தண்ணீர் கண்டது எத்தனை என்று கூட்டிப் பார்த்துவிடலாம். தேங்காய் வென்றால் நானே அதைப் பாராட்டி எழுதுவேன். தோற்றால் அடுத்த நகை அடகுக்குப் போகாது.

தனியாளாகவும் இதைத் தொடங்கலாம். நீரோட்டம் பார்க்க யாரைக் கூப்பிட்டாலும், தேங்காயோ பெட்டியோ, சொன்ன ஆழத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எவ்வளவு அடிவரை தண்ணீர் வராவிட்டால் தவறு என்று ஒப்புக்கொள்வார் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவருக்குத் தட்சணை தர வேண்டாம்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் தமிழகக் கிராமங்களில் கிராம சபை கூடுகிறது. கீழ்பென்னாத்தூர் வட்டத்துக் கிராம மக்கள், தங்கள் ஊரில் இதுவரை போட்ட போர்களில் தண்ணீர் வந்தவை எத்தனை, வராதவை எத்தனை என்று எண்ணிப் பதிவேட்டில் ஏற்றும்படி அந்தக் கூட்டத்தில் தீர்மானம் கேட்க வேண்டும். அதிலிருந்து நான்கு வரிப் படிவத்தையும் தொடங்கிவிடலாம்.